பிரிமணை டிரைவர் கேட்ட இரண்டு அடி

மோட்டாரே இல்லாமல் மோட்டார் ஓட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரை எனக்குத் தெரியும். காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டுக் கட்டட வேலை நடந்தபோது, அவர் ஓட்டிய அந்த இல்லாத மோட்டாருக்கு நான் பின்சக்கரமாகவே இருந்திருக்கிறேன்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. பானை உருளாமல் இருக்க அடியில் வைப்பார்களே, வைக்கோல் பிரிமணை, அதில் ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பார். அதுதான் வண்டியைத் திருப்புகிற சக்கரம். முக்குத் திரும்பும்போது வலது கையை நீட்டிக் காட்டுவார். மாட்டு வண்டி குறுக்கே வந்தால் காலைத் தரையில் அமுக்கி நிற்பார். பின்னால் போகவேண்டுமென்றால் கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு பின்னாலேயே நடப்பார். இரண்டு முறை சாக்கடையில் விழுந்திருக்கிறார்.

"வண்டி வாரதுக்குள்ள கை மறந்துரக்கூடாது தம்பி. ரங்கூன்ல வெள்ளைக்காரனுக்கு மூணு வருசம் ஓட்டுன கை இது" என்பார். ஊர் அவருக்குப் பிரிமணை டிரைவர் என்று பேர் வைத்துவிட்டது.

வண்டி வராதது அவர் குற்றமில்லை. செட்டியார் ரங்கூனில் இருந்தார். இங்கே அவருடைய புது வீட்டுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. வீடு முடிவதற்குள் பிளசர் கார் ஒன்று வந்து சேரும், அதற்கு ஒரு கொட்டகை கட்டிவையுங்கள் என்று கடிதம் எழுதி, அந்தக் கடிதத்தை டிரைவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார். வேலையை மேற்பார்த்தது செட்டியாரின் சம்சாரம். எல்லாருக்கும் ஆச்சி. ஊரில் அப்போது நாலைந்து மோட்டார்கள் ஓடின. ஆச்சி அவற்றின் புழுதியைத்தான் பார்த்திருந்தார். ஆகவே மோட்டார் என்பது எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், அதற்குப் பசிக்குமா, குளிருமா என்பதற்கெல்லாம் அந்த வீட்டில் ஒரே சாஸ்திரம் பிரிமணை டிரைவர் வாய்தான்.

நான் அங்கே வந்தது பெரிய கதையில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதன்பின் எந்த ஊரும் ஆறு மாதத்துக்குமேல் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் சுண்ணாம்பு அரைக்கிற செக்கில் மாட்டுக்குப் பின்னால் சுற்றுவது என் வேலை. ஊர்சுற்றிக்கு ஏற்ற வேலை. நாளெல்லாம் நடக்கலாம், எங்கேயும் போய்ச் சேரவேண்டியதில்லை.

கொட்டகைக்கு அளவு போட்ட நாள் நானும் பக்கத்தில் நின்றேன்.

"டிரைவரு, அந்த வண்டி எம்புட்டு நீளம் இருக்கும்?" என்றார் ஆச்சி.

"பதிமூணு அடி ஆச்சி."

"அப்பப் பதினாலு அடியில கட்டிட்டாப் போச்சு. மேஸ்திரி, கயிறு போடுங்க."

பிரிமணை டிரைவர் சிரித்தார். கடல் தாண்டியவர்கள் தாண்டாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "நீக படுக்குற கட்டில் ஆறடி. அதுக்குன்னு அறையையும் ஆறடியிலயா கட்டுறீக?"

ஆச்சி யோசித்தார். கயிறு நின்றது.

மறுநாள் விளக்கம் நடந்தது. டிரைவர் எங்களில் நாலு பேரைக் கூப்பிட்டு நாலு மூலையில் நிற்கவைத்து, சுற்றிக் கயிறு கட்டினார். நாங்கள் சக்கரம். நான் பின்பக்கத்து இடது சக்கரம். நடுவில் கவிழ்த்த கூடைமேல் அவர் பிரிமணையோடு உட்கார்ந்தார். கூடை நகராது என்பதால், நாங்கள் நகரும்போதெல்லாம் எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து மறுபடி உட்கார்ந்தார். முன்சக்கரமாக நின்ற ஆள் வேட்டி அவிழ்ந்து குனிந்தான். "பஞ்சர், எல்லாம் நில்லுங்கப்பா" என்று வண்டியை நிறுத்திவிட்டார். அவன் கட்டி முடிக்கும்வரை மற்ற மூன்று சக்கரங்களும் வெயிலில் நின்றோம். சித்தாள் பெண்கள் கல் சுமப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. நீதிபதி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்தணும் ஆச்சி. சுத்துறவன் குனிய எடம் வேணும். பின்னாடி பெட்ரோல் டின்னு வைக்கணும். பின்சுவத்துல ஒரு சன்னல் வேணும், மோட்டாருக்கு வேக்காடு எடுக்கும். விளக்கு வைக்க ஒரு மாடம். மேல ஒரு புகைபோக்கி, அது புகை விடுற வண்டி. கழுவுறதுக்கு வெளிய ஒரு துவைகல்லு மாதிரி பட்டியக்கல்லு."

மேஸ்திரி அதுவரை பேசாமல் இருந்தவர். "ஏப்பா, வாரது பிளசரா, புள்ளத்தாச்சியா?" என்றார்.

எனக்கும் சந்தேகம்தான். அன்று மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது கேட்டேன். "அண்ணே, வண்டிக்கு எதுக்குப் புகைபோக்கி?"

சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவருடைய சம்சாரமும் ஏழு வயது மகளும் ஒக்கூரில் மைத்துனர் வீட்டில் இருந்தார்கள். "மச்சான் பொண்டாட்டி சமைச்சு முடிக்கிற வரைக்கும் எஞ்சம்சாரம் அடுப்படிக்குள்ள போகக்கூடாது தம்பி. புள்ள இன்னொரு தடவ குழம்பு கேட்டா, அவ சட்டியக் கவுத்திக் காட்டுறாளாம். பேச்சில்ல, சும்மா கவுத்திக் காட்டுறது. அது வஞ்சு பேசுறதவிட வலிக்குது."

"தனியா வீடு பாக்கலாம்ல."

"என் சம்பளத்துக்கு வீடு கெடச்சா அடுப்பு இருக்காது. அடுப்பு கெடச்சா வீடு இருக்காது. அங்குட்டுப் பாரு." மாட்டுக் கொட்டகையைக் காட்டினார். அதன் பின்பக்கத்தில் மாடு பார்க்கிற கருப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தான். அவன் பெண்டாட்டி அப்போது சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "மாட்டுக்குப் பின்னாடி ஒரு குடும்பம் இருக்கலாம்னா, மோட்டாருக்குப் பின்னாடி இருக்கக்கூடாதா?"

"ஆச்சிகிட்டக் கேக்க வேண்டியதுதானே?"

"இப்பக் கேட்டாப் பதினாலு அடியிலயே கட்டிப்புடுவாக. மொதல்ல எடம் வரட்டும்."

அந்த வீட்டில் எண்பது பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு பந்திக்கட்டு எழும்பிக்கொண்டிருந்தது. வருஷத்தில் பத்து மாதம் அதில் ஆச்சியும் சமையல்காரியும்தான் இருக்கப்போகிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அங்கே நின்றது அப்படி, அவ்வளவுதான். மூன்று பேர் படுக்க இடம் தேடியவர் மோட்டாருக்கு மூச்சு முட்டும் என்று சொல்லித்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

பத்து நாள் பேசிப் பேசி ஆச்சியைப் பதினாறுக்கும், பிறகு பதினெட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சன்னல், மாடம், புகைபோக்கி, பட்டியக்கல் எல்லாம் கிடைத்தன. "சரிப்பா, பதினெட்டு. இதுக்குமேல வண்டிக்கு என்ன வேணும், தொட்டிலா?" என்று ஆச்சி எழுந்தார். டிரைவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். வண்டி நிற்பது போகப் பின்னால் ஐந்து அடி மிஞ்சும். மூன்று பேர் குறுக்கே படுத்தால் போதும்.

ஆனால் மனுஷனுக்கு அடுப்புக்கு இரண்டு அடி தனியாக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சாயங்காலங்களில் மேஸ்திரிக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்து, மனையடி சாஸ்திரத்தில் எந்த அடி நல்லது, எந்த அடி ஆகாது என்று கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். பதினாறு, பதினேழு நல்லது. பதினெட்டும் பத்தொன்பதும் ஆகாது. இருபது அமோகம்.

"ஆச்சி, பதினெட்டடி மனைக்கு ஆகாதாம்" என்றார்.

ஆச்சி திரும்பினார். "வீட்டுக்குத்தானப்பா மனையடி. கொட்டகைக்கு யாரு பாத்தா? மாட்டுக் கொட்டகை பத்தொம்பது அடி. மாடு நல்லாத்தான் கறக்குது."

"முதலாளி ஏறி உக்காருற வண்டி ஆச்சி. அது நிக்கிற எடமும் மாடு நிக்கிற எடமும் ஒண்ணா? ஒங்க வாயால அதக் கொட்டகைன்னு சொல்லாதீக. அதுவும் ஒரு மனை."

நான் செக்கில் சுற்றிக்கொண்டே கேட்டேன். ஆச்சியின் முகம் மாறியதையும் பார்த்தேன். அது பெருமை. அந்தத் தெருவில் எந்தச் செட்டியார் வீட்டிலும் மோட்டாருக்கு மனை பார்த்ததில்லை. மேஸ்திரி வரவழைக்கப்பட்டார். செட்டியாரின் நட்சத்திரம் கேட்டு, நீள அகலத்தைப் பெருக்கிக் குழிக்கணக்குப் பார்த்து, நீளம் இருபது, அகலம் பதினொன்று என்று முடிவானது. பிரிமணை டிரைவர் என்னைப் பார்த்து, இல்லாத ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினார்.

வீட்டுக்கு முன்னாலேயே கொட்டகை முடிந்துவிட்டது. வண்டி வருவதற்குள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். மூன்று செங்கல்லை வைத்துப் பானையை ஏற்றியது பின்சுவர் ஓரம், புகைபோக்கிக்குக் கீழே. டிரைவர் தன் மனத்துக்குள் அடுப்புப் போட்டு வைத்திருந்த அதே மூலை. பால் பொங்கியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தன் வீட்டில் பால் பொங்குகிறவன் முகம் அது. கும்பிட்டு முடித்ததும், இதுதான் நேரம் என்று ஆச்சியிடம் போனார்.

"ஆச்சி, ஒரு விண்ணப்பம். ஒக்கூர்ல எஞ்சம்சாரமும் புள்ளையும் இருக்காக. வண்டி நின்னது போகப் பின்னாடி ஏழடி சும்மாத்தான் கெடக்கும். ஒரு ஓரமா..."

ஆச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபப்படவில்லை. அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "என்னப்பா நீ. இது மனையில்ல? செட்டியார் நட்சத்திரத்துக்குப் பொருத்தம் பாத்துக் கட்டி, இப்பத்தான் பால் பொங்கியிருக்கு. இதுல வேத்துக் குடும்பம் அடுப்பு மூட்டுனா மனை யாருக்குச் சேரும்?"

"மாட்டுக் கொட்டகையில கருப்பன் குடும்பம் இருக்கே ஆச்சி."

"அது கொட்டகை. இதும் கொட்டகையா இருந்தா, நீ கேக்கவே வேணாம், நானே கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பேன். நீதானப்பா இது கொட்டகை இல்லைன்ன." பிறகு அவரே, "நீ வேணாப் படுத்துக்க. வண்டிக்குக் காவலாச்சு. அடுப்பு மட்டும் கூடாது. பொங்கலுக்கு ஒஞ்சம்சாரத்துக்கு ஒரு சேலை எடுத்துத் தாரேன்" என்றார்.

சொன்னபடி சேலை எடுத்துக் கொடுக்கிறவர்தான் ஆச்சி. அதில் சந்தேகமில்லை.

பிரிமணை டிரைவர் நேரே மேஸ்திரியிடம் போனார். "பின்சுவத்த இடிச்சு ரெண்டடி உள்ள தள்ளிக் கட்டிருங்க மேஸ்திரி."

"என்னய்யா சொல்றீக?"

"பதினெட்டாக்கிருங்க. ஆகாத அளவாப் போகட்டும். நாந்தான் இடிக்கிறேன், நீக சும்மா நில்லுங்க."

"பால் காச்சியாச்சுய்யா. இனி நீக பத்தடியாக் குறைச்சாலும் அது மனைதான்."

அவர் கையில் கடப்பாரை இருந்தது. நான்தான் வாங்கி வைத்தேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. கடப்பாரையை விட்டதும், கை என்ன செய்வதென்று தெரியாமல் பிரிமணையைத் தேடியது. அதன்பிறகு அவர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து நான் பார்க்கவில்லை. தெருப் பிள்ளைகள் இரண்டு நாள் கேட்டுவிட்டு மறந்துவிட்டார்கள்.

வண்டி வந்தது. பன்னிரண்டரை அடிதான். இருபதடியில் அது, பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குத் தெரியாமல் வந்துவிட்டவன் மாதிரி ஒரு ஓரமாக நின்றது. பின்னால் கிடந்த இடத்தில் ஆச்சி ஒரு சாமானும் வைக்கவிடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே கோலம் போட்டு, டிரைவர் கேட்டு வாங்கிய மாடத்தில் விளக்கேற்றினார். புகைபோக்கியில் குருவி கூடு கட்டியது. அந்தக் கொட்டகையில் குடும்பம் நடத்தியது அந்த ஒரு ஜோடிதான்.

சுண்ணாம்பு வேலை முடிந்து, சிவகங்கைப் பக்கம் வேலை இருக்கிறதென்று நான் மூட்டை கட்டினேன். டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒக்கூர் வழியாத்தானே போற. என் வீட்டுல ஒரு சொல் சொல்லிட்டுப் போ தம்பி. ஷெட்டு சின்னதாப் போச்சுன்னு சொல்லு."

"சின்னதாவா அண்ணே?"

"எடமில்லாம வர முடியலைன்னா பொறுத்துக்கிருவா. எடம் இருந்தும் வர முடியலைன்னா, நான் ஏதோ பேசிக் கெடுத்துட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சு போகும்." துணியைப் பிழிந்தார். "எனக்கு வாய் நீளம்னு அவளுக்கு முன்னாடியே தெரியும்."

ஒக்கூரில் அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். யாரிடமிருந்து வருகிறேன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மைத்துனர் பெண்டாட்டியாக இருக்கும்.

"ஷெட்டு கட்டியாச்சா? எம்புட்டுப் பெருசு?" குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார்.

"சின்னதுதான் மதினி. வண்டி நின்னது போக ஒரு ஆள் படுக்கத்தான் எடம். அண்ணன் எம்புட்டோ பேசிப் பாத்தாரு."

அவர் அழுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் மறுபடி உட்கார்ந்து புளியை எடுத்தார். கொட்டை எடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரு ஆளுன்னா, அவுக என்ன ஒரு ஆளுக்குள்ள அடங்குற ஆளா? கையையும் காலையும் விரிச்சுப் போட்டுல்ல தூங்குவாக. எப்புடிக் குறுக்கிக்கிட்டுக் கெடக்காகளோ, பாவம்."

அந்த நேரம் டிரைவர் இருபதடிக்குள் ஒற்றை ஆளாக, கையையும் காலையும் எவ்வளவு வேண்டுமானாலும் விரித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியும். "ஆமா மதினி, கஷ்டந்தான்" என்றேன்.

வயிற்றுக்காக நான் பல ஊர்களில் பல பொய் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆளுக்காகச் சொன்னது அந்த ஒன்றுதான். இன்றைக்கு டிரைவர் எதிரே வந்து கேட்டாலும், என்ன ஏது என்று கேட்காமல் இன்னொரு முறை சொல்லிவிட்டு வருவேன்.