உரியவர் ஊடாக மட்டும்

பொதுமக்களின் நலன் கருதி, யுத்த காலத்தில், கண்டியிலுள்ள ஓர் அரசாங்கக் கந்தோருக்குக் கணினி வழங்கப்பட்டது. இன்னார் இன்ன இடத்தில் வசிக்கிறார் என்று உறுதிக் கடிதம் கொடுப்பதே அந்தக் கந்தோரின் திருப்பணி. கடிதம் இல்லாத தமிழரைச் சோதனைச் சாவடியில் பிடித்து அடைத்துவிடுவார்கள். கடிதம் வர ஒரு மாதமாகும். அதற்குள் ஆள் பிடிபட்டால் கந்தோர் பொறுப்பல்ல. அந்த வருஷம் கணினி இல்லாத கந்தோரைக் கந்தோரென்றே யாரும் மதிக்கவில்லை. ஆகவே அதற்கு மாலை போட்டு, பால் பொங்கவைத்து, லேஸ் துணியால் மூடியும் வைத்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணினி உத்தியோகத்தர் அம்பிகைபாகன் சும்மா இருந்திருக்கலாம். துணியை விலக்கி, கடிதத்தை உடனே அச்சிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது நாலைந்து வரிக் கட்டளை, எழுதினான். ஸ்கிரிப்ட் மொழிக்குக் கணக்குத் தெரியும். அச்சுப்பொறியை எழுப்பத் தெரியாது. அதற்குக் கணினியைக் கட்டி ஆளும் இயங்குதளத்தின் உதவி வேண்டும். திகதி கேட்க ஓர் அழைப்பு, எழுத்துருவுக்கு ஓர் அழைப்பு, அச்சுக்கு ஓர் அழைப்பு. ஸ்கிரிப்ட் அழைத்தது, கடிதம் வந்தது. பின்னாலேயே பணிப்பாளர் நவரட்ணராஜாவும் வந்தார்.

"உந்த ஸ்கிரிப்ட் ஆரைக் கேட்டு அச்சடிக்குது?"

"நேரே இயங்குதளத்தை அழைக்குது சேர்."

"இயங்குதளம் எண்டால்?"

"மெஷினுக்குள்ள அதுதான் எல்லாருக்கும் மேல."

"நேற்று வந்த ஸ்கிரிப்ட், எல்லாருக்கும் மேல இருக்கிறவரை நேரே கூப்பிடுது. இடையில நான் எங்க?"

அம்பிகைபாகன் திரையை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். "நீங்கள் இல்லை சேர்."

"அதுதான் பிழை."

பிழை திருத்தப்பட்டது. ஒவ்வோர் அழைப்புக்கு முன்னும் 'இயங்குதளத்தை அழைக்கலாமா?' என்று திரையில் ஒரு பெட்டி வரும். பணிப்பாளர் மவுஸைப் பிடித்து 'ஆம்' என்று அழுத்துவார். விசைப்பலகையால் யாரும் ஆம் சொல்லிவிடாதபடி ஏற்பாடு செய்யப்பட்டது. மவுஸ் அவருடைய அலுமாரிக்குள் பூட்டப்பட்டது. கடிதம் வர மறுபடியும் ஒரு மாதமானது. கந்தோர் நிம்மதியாக மூச்சுவிட்டது.

அப்போதுதான் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து ராக்கம்மா வந்தாள்.

"ஐயா, தெல்தெனியாவுக்கு வேலைக்குப் போன எம்புள்ள கணபதிய செக்பொயிண்டுல புடிச்சு அடைச்சிட்டாங்க. கடுதாசி கொண்டாந்தா விட்ருவோம்னு சொல்றாங்க."

பணிப்பாளரோ 'அரச சேவையைத் துரிதப்படுத்தல்' என்ற செயலமர்வுக்குக் கொழும்பு போயிருந்தார். அலுமாரிச் சாவியும் கூடவே போயிருந்தது. திரையில் பெட்டி காத்திருந்தது. சுவரோர வாங்கில் உட்கார்ந்து ராக்கம்மா காத்திருந்தாள். அம்பிகைபாகன் விசைப்பலகையைக் கிட்ட இழுத்தான். மவுஸ் இல்லாமலே பொத்தானை அழுத்தித் தரும் வேலையும் இயங்குதளத்துக்குத் தெரியும். அதையும், அதற்கென்று பெட்டி வைக்காமலே, ஸ்கிரிப்டிலிருந்து அழைத்தான். பணிப்பாளரின் பேரில் கணினி தனக்குத்தானே அனுமதி வழங்கியது. கடிதம் சூட்டோடு வெளியே வந்தது.

மறுநாள் ராக்கம்மா கடிதத்தோடு திரும்பி வந்தாள்.

"இது கள்ளக் கடுதாசியாம் ஐயா. மனுப் போட்ட அன்னைக்கே எந்தக் கவர்மென்டு கடுதாசி குடுக்குதுன்னு கேக்குறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நெசமாவே இது நல்ல கடுதாசிதானா?"

வரிசையில் நின்ற கெலிஓயா கடைக்காரர் மக்கீன், அன்று காலை மனுப் போட்டு அப்போதே கைக்கு வந்த தன் கடிதத்தை மேசையில் திருப்பி வைத்தார். "நமக்கு மெதுவா வார கடிதமே போதும் மகன். அதத்தான் நம்புவாங்க." பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

பணிப்பாளர் திரும்பி வந்ததும் அம்பிகைபாகன் நடந்ததைச் சொன்னான்.

"நான் இல்லாமல் கடிதம் போச்சுதோ?"

"ஓம் சேர். போய்த் திரும்பி வந்திட்டுது."

"பாத்தீரே?" என்றார் அவர், மிகுந்த திருப்தியோடு.

அன்று மாலை அம்பிகைபாகன் ஸ்கிரிப்டில் புதிதாக ஒரு வரி சேர்த்தான். பணிப்பாளர் அதில் விரலை வைத்தார்.

"இது என்ன அழைப்பு?"

"இயங்குதளத்தில நித்திரை எண்டு ஒரு வேலை இருக்கு சேர். சொன்ன காலத்துக்கு ஒண்டும் செய்யாமல் கிடக்கும். ஒரு மாதம் எண்டு போட்டிருக்கிறன்."

அவர் முகம் மலர்ந்தது. "இதுக்கு என்ர அனுமதி தேவையில்லை. நேரே கூப்பிடலாம்."

ஸ்கிரிப்ட் ஒரு மாதம் உறங்கியது. கணபதி ஒரு மாதம் உள்ளே கிடந்தான். பிறகு வந்த கடிதத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, திகதியைத் தவிர. பொலிஸ் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவனை விட்டது.

ராக்கம்மா மெலிந்துபோன மகனைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்கே வந்து கும்பிட்டாள்.

"போன தடவ அவசரத்துல என்னத்தையோ குடுத்திட்டீங்க. பரவாயில்ல, சின்ன வயசு. இந்தத் தடவதான் ஐயா ஒழுங்கா வேல செஞ்சிருக்கீங்க."