வண்டிக்கு ஒன்றுமில்லை, ரிப்பேருக்கு வந்திருக்கிறது

அலுவலகத்துக் கார் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது. வலப்பக்கம் திரும்பினால் சமர்த்தாக இருந்தது. மக்கள் வரிப்பணத்தில் ஓடும் வாகனம் இப்படி ஒரு பக்கம் மட்டும் சத்தம் போடுவது நிர்வாகத்துக்கு அழகல்ல என்று டிரைவருக்குப் பட்டது. தலைவரிடம் போய்ச் சொன்னார்.

தலைவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் சல்லடை. எதையும் சலிக்காமல் நம்ப மாட்டார். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து முடித்த கையோடு, தண்ணீரில் பால் கலந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். அலுவலகத்தின் வட்ட முத்திரையை பீரோவில் வைத்தால் குமாஸ்தா திருடிவிடுவார் என்று, தினமும் மாலையில் தன் பையில் போட்டுக் காரில் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

அந்த முத்திரையைத்தான் இப்போது காணோம்.

பையில் இல்லை, வீட்டில் இல்லை, மேஜையில் இல்லை. சல்லடை யாரிடமும் மூச்சு விடவில்லை. வருகிற மனுக்களில் எல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதித் திருப்பிக்கொண்டிருந்தார். அதற்கு முத்திரை தேவையில்லை. அலுவலகத்தில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆனால் வெள்ளிக்கிழமை மேலதிகாரி சோதனைக்கு வருகிறார். வந்ததும் முதலில் முத்திரையைத்தான் கேட்பாராம். அது இல்லையென்றால், இத்தனை வருஷமாகக் காத்திருந்த பதவி உயர்வு அம்போ.

இந்த நேரத்தில் கார் வேறு. வீட்டில் மச்சினனிடம் யோசனை கேட்டார். மச்சினன் சொந்தமாக சைக்கிள்கூட வைத்துக்கொண்டதில்லை. ஆனால் கைப்பேசியில் கார் சம்பந்தமான வீடியோ ஒன்று விடாமல் பார்த்தவன்.

"அத்தான், மெக்கானிக் கிட்ட வண்டிக்கு என்னன்னு மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாதீங்க. சொன்னா அதையே பிடிச்சுக்கிட்டு பில்லைத் தீட்டிடுவான்."

"சொல்லாம எப்படிடா ரிப்பேர் பண்ணுவான்?"

"நல்லவனா இருந்தா அவனே கண்டுபிடிப்பான். கண்டுபிடிக்கலேன்னா திருடன்."

"நாம சொல்லாத குறை எதையாவது கண்டுபிடிச்சா?"

"அப்பவும் திருடன்தான்."

சல்லடைக்கு உடம்பு சிலிர்த்தது. குடும்பத்தில் இப்படி ஒரு மூளை இருந்தும் இதுநாள் வரை அதை உபயோகிக்காமல் விட்டோமே என்று வருந்தினார். மறுநாள் காலை சுற்றறிக்கை வெளிவந்தது: "வாகனத்தின் குறைபாட்டினை, அதன் திசை, தன்மை, ஓசை ஆகியவற்றை, பழுதுபார்ப்பவருக்கு எக்காரணம் கொண்டும் வெளிப்படுத்தலாகாது. மீறுவோர் அலுவலக இரகசியத்தை வெளியிட்டவராகக் கருதப்படுவர்."

ஒர்க்‌ஷாப் போகிற வழியில் இடது கைப் பக்கம் இருந்தது. நேராகப் போய்த் திரும்பினால் இரகசியம் வெளியாகிவிடும். ஆகவே டிரைவர் வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்த்திசையிலிருந்து வந்து வண்டியைச் சத்தமில்லாமல் உள்ளே நுழைத்தார். சல்லடையும் குமாஸ்தாவும் பின்சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க சார். வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்கு வந்திருக்கீங்க?"

"ரிப்பேருக்கு."

மெக்கானிக் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தார்.

"சத்தம் கித்தம் வருதா சார்?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நீங்க வேலையைப் பாருங்க."

"சரி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடறேன்."

"தாராளமா ஓட்டுங்க. வலப்பக்கம் மட்டும்தான் திரும்பணும்."

மெக்கானிக்கும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "என்னன்னு சொல்லலேன்னா எல்லாத்தையும் கழட்டித்தான் சார் பாக்கணும். கழட்டின எல்லாத்துக்கும் கூலி உண்டு" என்றார். கழட்டச் சொல்லி உத்தரவாயிற்று.

சக்கரம் கழன்றது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்றார் மெக்கானிக். சல்லடை குமாஸ்தாவின் காதில், "பாத்தீரா, நாம சொல்லாததைச் சொல்றான்" என்றார். பேட்டரி நன்றாக இருக்கிறது என்றார் மெக்கானிக். "பாத்தீரா, எதுக்கு நல்லா இருக்குன்னு சொல்றான்? கழட்டி எடுத்துக்கத்தான்" என்றார் சல்லடை. உடனே குமாஸ்தா ஒரு நாற்காலி போட்டு பேட்டரி பக்கத்தில் காவலுக்கு உட்கார வைக்கப்பட்டார்.

கழற்றுகிற பழைய சாமான் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது, எல்லாம் ஒரு சாக்கு மூட்டையில் கட்டப்பட வேண்டும் என்பது அடுத்த உத்தரவு. அலுவலக முத்திரையிட்ட ஆணை இல்லாமல் மூட்டையை யாரும் அவிழ்க்கக் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டு மூட்டையில் மாட்டினார் சல்லடை.

கடைசியில் மெக்கானிக் சீட்டையும் தூக்கினார். குனிந்து பார்த்தார்.

"சார், சீட்டுக்கு அடியில ஒரு கட்டை கெடந்துச்சு..."

"கட்டைக்கும் பில்லா? நடக்காது!"

"இல்ல சார், இது வண்டியோட கட்டை இல்ல, வட்டமா..."

"வட்டமோ சதுரமோ, மூட்டையில போடுய்யா! என்கிட்டயே கதை விடறியா?"

மெக்கானிக் போட்டார். வந்த எரிச்சலில் மூட்டை வாயைக் கம்பியால் முறுக்கி, குறட்டால் இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கினார்.

வண்டி மூட்டையோடு அலுவலகத்துக்குத் திரும்பி வந்தது. சல்லடை பரிசோதனையாக இடப்பக்கம் திருப்பச் சொன்னார். சத்தம் இல்லை. மறுபடி திருப்பச் சொன்னார். இல்லவே இல்லை. அவர் முகம் இருண்டது.

"மோசம் போயிட்டோம்! சத்தம் போட்டுட்டிருந்த பாகத்தையே கழட்டி வித்துட்டான்யா!"

வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும், "முத்திரையைக் கொண்டு வாங்க" என்றார். சல்லடைக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், நிஜமாகவே கலங்கிவிட்டது. "ஐயா... கட்டைப் பிடி போட்ட வட்ட முத்திரை... காணாம..." என்று ஆரம்பித்தார்.

பில் பணத்துக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்த மெக்கானிக் தலையை நீட்டினார். "அதுவா? அதான் சார் சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. திரும்பறப்ப உருண்டு போயி இரும்புல இடிச்சிருக்கும். நீங்கதானே மூட்டையில போடச் சொன்னீங்க."

சல்லடை ஓடிப்போய் மூட்டையைக் கட்டிக்கொண்டார். குழந்தையைத் தேடிக் கண்டெடுத்தவர் மாதிரி தேம்பினார். "கத்தரிக்கோல் கொண்டாங்க! குறடு கொண்டாங்க!"

"இருங்க" என்றார் மேலதிகாரி. கண்ணாடியைப் போட்டு அட்டையைப் படித்தார். "முத்திரையிட்ட ஆணை இல்லாம அவிழ்க்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. ஆணை எங்கே?"

"எழுதிடறேன் ஐயா, இப்பவே எழுதிடறேன்."

"எழுதுங்க. முத்திரை?"

எல்லோரும் மூட்டையைப் பார்த்தார்கள். பிறகு மேலதிகாரி எழுந்து சல்லடையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் பணிக்காலத்தில் எத்தனையோ அலுவலகம் பார்த்திருப்பதாகவும், ஒரு முத்திரையை அதன் பொறுப்பாளரே தொட முடியாத அளவுக்குப் பாதுகாத்த அலுவலகம் இது ஒன்றுதான் என்றும் நெகிழ்ந்து சொன்னார். பதவி உயர்வு அங்கேயே உறுதியாயிற்று. இந்த இடத்திலிருந்து விடுவிக்கும் ஆணையில் முத்திரை விழுந்ததும் சல்லடை புதுப் பதவிக்குப் போகலாம்.

மெக்கானிக் தன் பில்லை நீட்டினார். அதோடு, ஒர்க்‌ஷாப் உரிமம் புதுப்பிக்கக் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்றும் கேட்டார். குமாஸ்தா இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் முத்திரை வேணுமே" என்றார். மெக்கானிக் தான் முறுக்கிய கம்பியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சல்லடைக்கு இதில் புத்தி வந்தது. மறு மாதம் தன் சொந்தக் காரை அதே ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனார். நேர் வழியாகவே போனார், இடப்பக்கம் திரும்பியே நுழைந்தார்.

"தம்பி, இந்தத் தடவை எதையும் மறைக்கப் போறதில்ல. காலையில ஸ்டார்ட் பண்ணினா முன்பக்கம் கீச்சுனு சத்தம். சூடானா நின்னுடுது. பெல்ட்டா இருக்கும்னு நினைக்கிறேன். வேற ஒண்ணுமில்ல."

மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சார் கேக்காமலே இவ்வளவு விவரமா சொல்றாரு. எதையோ மறைக்கிறாரு. முழுசா கழட்டுங்கப்பா!"