பீளமேட்டு வீட்டை நான் தொலைத்த விதம்

கோயமுத்தூரிலேயே காலம் தள்ளியும் எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டுதான். அதிலும் கொத்துமல்லியில் ஓர் எழுத்தை விழுங்கிவிடுவேன். மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே நடந்தது பின்னே வந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பேத்தியும் அவள் வீட்டுக்காரரும் டாக்டர்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் டவுனிலேயே வீடு வாங்குவதா, வடவள்ளிப் பக்கம் காற்றோட்டமாக வாங்குவதா என்று இரண்டு பேருக்கும் ஓயாத வாக்குவாதம். எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கு புதிதல்ல. நான் புதுப் பெண்டாட்டியாக இருந்த காலத்திலேயே ஒரு தடவை நடந்து, ஊருக்கு வெளியே போவது என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பை ஒரே வாயில் கவிழ்த்தவள் நான்.

என் வீட்டுக்காரர் எல்.எம்.பி. படித்த டாக்டர். பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டின் முன்பக்கம் இருந்த ஆசாரத்தை (முன்கூடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அவர் வைத்தியசாலை ஆக்கிவிட்டார். மிச்சம் ஓர் அறை, சமையல்கட்டு, பின்னால் பொடக்காளி என்கிற கொல்லைப்புறம். நோயாளிகளுக்கும் எங்களுக்கும் ஒரே வாசல். டிங்சர் வாசமும் ரசத்தின் வாசமும் நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்ளும்.

நான் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். தலை நிமிர்ந்து யாரையும் பார்க்கமாட்டேன். (என் வீட்டுக்காரரின் முகத்தையே கல்யாணமாகி வெகு நாள் கழித்துத்தான் முழுசாகப் பார்த்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை.) பேச்சும் வராது. எனக்குத் தெரிந்த மரியாதை இரண்டே இரண்டு. வருகிறவரை "வாங்க" என்பது, போகிறவரைப் "போயிட்டு வாங்க" என்பது.

அந்த இரண்டாவது மரியாதைதான் முதலில் வினை வைத்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்த ஒரு பெரியவர் மருந்துச் சீசாவோடு படியிறங்கினார். நான் கதவோரமாக நின்று, "போயிட்டு வாங்க" என்றேன். அவர் திரும்பி நின்றுகொண்டார்.

"ஏனம்மணி, நான் மறுக்கா படுத்துக்கோணும்ங்கறயா?"

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மருந்து கலக்கிக் கொடுக்கும் கம்பவுண்டர் காதர் பாய்தான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார்.

"அம்மா, இது கலியாண ஊடு இல்லீங்க. இங்க வந்தவங்கள வாங்கன்னா, சீக்கையும் சேத்து வாங்கன்னு கூப்பிட்டாப்பல. நல்லபடியா போங்க, இனி வராதீங்கன்னு சொல்லுங்க. டாக்டர் ஊட்ல அதுதானுங்க ஆசீர்வாதம்."

அன்றிலிருந்து அதையே பாடம் பண்ணிக்கொண்டேன். தண்ணீர்க் குடத்தோடு ஆசாரத்தைக் கடக்கும்போது யார் கையிலாவது சீசாவைக் கண்டால் போதும். தலை குனிந்து நடக்கிறவளுக்கு எதிராளியின் முகம் எங்கே தெரியும்? கைதான் தெரியும். கையில் சீசா இருந்தால், "நல்லபடியா போங்க, இனி வராதீங்க!"

அதில் யாருக்கோ தீராத வயிற்றுவலி தீர்ந்துவிட்டதாம். டாக்டர் சம்சாரம் வராதே என்று சொன்னால் அந்தச் சீக்கு திரும்பி வராது என்று சுற்றுவட்டாரமெல்லாம் பேச்சாகிவிட்டது. மருந்து வாங்கியவர்கள் படியிறங்காமல் நின்றார்கள். "அம்மா வாக்கு குடுக்கட்டுமுங்க, போறோம்." நான் அடுப்பில் கடுகை விட்டுவிட்டு ஓடிவந்து வராதே என்று சொல்லிவிட்டுப் போவேன்.

"மருந்து குடுக்கறது நானு. பேரு மட்டும் உனக்கா?" என்பார் என் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்க்கவில்லை.

இப்படி நாள் போகும்போது எங்கள் மூத்தவள் சரோஜா நடை பழகினாள். அவளுக்கு என் சுபாவம் துளியும் இல்லை. ஆசாரத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் மடியில் ஏறிக்கொள்வாள். காய்ச்சல்காரர் மடி, சொறி சிரங்குக்காரர் மடி என்ற பேதமெல்லாம் கிடையாது. கடைசியில் கக்குவான் இருமலை வாங்கிக்கொண்டு வந்தாள். இருமி இருமிக் குழந்தை நீலம் பாரித்துப் போகும். மூச்சு திரும்புகிற வரைக்கும் எனக்கும் மூச்சு இருக்காது. அவளைத் தூக்கிக்கொண்டு நான் நின்ற இடத்துக்கு இந்தப் பக்கம் சமையல்கட்டு, அந்தப் பக்கம் இன்னும் நாலைந்து பேருடைய இருமல்.

அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் ஒன்று கேட்டேன். "ஏனுங்க, ஊருக்கு அக்கட்டால குடி போயிரலாமுங்க."

அவர் ஒரு வக்கீலைப் போல எதிர்வாதம் செய்தார். டவுனில் இருந்தால்தான் வண்டி கட்டி வருகிற சனம் வரும். அவசரம் என்று கதவைத் தட்டினால் உடனே போகலாம். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்திருந்த காலம் அது. "இந்தத் தண்ணிய உட்டுப்போட்டு உப்புத் தண்ணி குடிக்கப் போறயா? ஒரு வாய் குடிச்சுப் பாரு, சக்கரை" என்றார். சரோஜா எனக்குப் பதிலாக இருமினாள். அவர் வீடு தேடக் கிளம்பினார்.

பீளமேட்டில் ஒரு வீடு அமைந்தது. அப்போது பீளமேடு டவுன் இல்லை. கரிசல் காடு, பஞ்சாலைச் சங்கு, நடுவில் கொஞ்சம் வீடுகள். தோட்டம் துரவு உள்ள ஒரு கவுண்டர் தம் பெரிய வீட்டுக்கு எதிரிலேயே புதிதாக ஒரு வீடு கட்டியிருந்தார். தனி வாசல், வேப்பமரம், குழந்தை ஓட இடம். வைத்தியம் டவுனில், குடித்தனம் பீளமேட்டில், இவர் சைக்கிளில் போய்வருவது என்று ஏற்பாடு. ஆனால் கவுண்டர் ஒரு நிபந்தனை வைத்தார். "எதிர்த்தாப்பல குடியிருக்கப் போறவங்க. மட்டு மரியாதை தெரிஞ்ச குடும்பமான்னு வந்து பார்த்துப்போட்டுத்தானுங்க சாவி தருவோம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் அவர் சம்சாரமும் வில்வண்டியில் வந்து இறங்கினார்கள். நான் விடியும் முன்பே எழுந்து ஒப்புட்டு (வெளியூரில் போளி என்பார்கள்) சுட்டு வைத்திருந்தேன். ஆசாரத்தில் நோயாளிகள் உட்கார்ந்திருந்ததால் விருந்தாளிகளை உள்ளறையில் பாய் விரித்து உட்காரவைத்தோம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

"ஏனம்மணி, ஒப்புட்டு நீயே சுட்டதா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாங்க."

"கடலைப்பருப்பா, தொவரையா?"

"தொவரைங்க."

"வாயத் தொறந்தா முத்து உதிந்துருமாக்கும்? நல்லாத்தான் சுட்டிருக்கறே. இன்னொண்ணு வையி."

அந்தப் பக்கம் கவுண்டர் இவரைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரு ஊடுன்னா சீக்காளிக வந்து நிப்பாங்களேங்க?"

"வைத்தியமெல்லாம் இங்கதானுங்க. அங்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

"நம்ம பண்ணையத்து மாட்டுக்கு ஏதாச்சும்னா பார்ப்பீங்களா?"

"நான் மனுசருக்குத்தானுங்க படிச்சது."

"ரெண்டும் ஒடம்புதானுங்களே?"

என் வீட்டுக்காரர் யோசித்து, பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். (பெண்டாட்டி பிள்ளைக்காக மனிதன் எங்கெல்லாம் இறங்குகிறான் என்று பாருங்கள்.) சரோஜா அதற்குள் அந்த அம்மாள் மடியில் ஏறிவிட்டாள். அவர் அவளுக்கு முத்தம் கொடுத்து, "வெள்ளிக்கெழமை நல்ல நாளு. பால் காச்சிப்போடுங்க" என்றார். கவுண்டரும் தலையாட்டினார். வீடு கிடைத்துவிட்டது. நான் சமையல்கட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

அதோடு அவர்கள் கிளம்பியிருக்க வேண்டும். நான் உள்ளே சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அம்மாள் தமக்கு முட்டி நோவு என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரரும், வீடு தரப்போகிற அம்மாள் ஆயிற்றே என்று காதர் பாயைக் கூப்பிட்டு, தேய்த்துக்கொள்ள ஒரு சீசா தைலம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

நான் வெற்றிலைத் தட்டோடு தலை குனிந்தபடி ஆசாரத்துக்கு வந்தேன். எதிரே ஒரு கை. கையில் சீசா.

"அப்ப நாங்க போயிட்டு வாரோம் அம்மணி."

என் வாய் என்னைக் கேட்கவில்லை. வயிற்றுவலிக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே கணீர்க் குரலில் சொன்னேன்: "வராதீங்க! நல்லபடியா போங்க. இனி இந்த வாசப்படி மிதிக்கவே கூடாது நீங்க!"

சுவரோரமாக உட்கார்ந்திருந்த நோயாளிகள் ஒரே குரலில், "நல்ல வாக்கு!" என்றார்கள். ஒரு கிழவி அந்த அம்மாளின் கையையே பிடித்துக்கொண்டு, "அம்மா வாயால சொல்லிப்போட்டாங்க. இனி நீங்க நெனச்சாலும் வரமாட்டீங்க" என்று வாழ்த்தினாள்.

அப்புறந்தான் நிமிர்ந்து பார்த்தேன். வெற்றிலைக்கு நீட்டிய அந்த அம்மாளின் இன்னொரு கை பாதியில் அப்படியே நின்றிருந்தது.

காதர் பாய் நல்ல மனுஷர். உதவிக்கு ஓடிவந்தார். "அம்மா தப்பாச் சொல்லலீங்க. உங்களச் சீக்காளின்னு நெனச்சுத்தான்..."

"ஆரு சீக்காளி? நானா?"

கெட்டுப்போனதைச் சரிசெய்கிறேன் என்று நானும் கிளம்பினேன். "ஐயோ, வாங்கம்மா! வாங்க! மறுக்கா மறுக்கா வாங்க!" என்று கும்பிட்டேன். சீசா இன்னும் அவர் கையில்தான் இருந்தது. கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவமே! மருந்துச் சீசாவ வெச்சுட்டிருக்கறவங்களப் பார்த்து மறுக்கா வாங்கங்கறாங்களே! முட்டி நோவு எறங்குமா இனி?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மனிதர்களுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதைதான் உயரும். கவுண்டர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"செரிங்க. நாங்க வரலீங்க. நீங்களும் வர வேண்டாமுங்க. வெள்ளிக்கெழமைப் பால இங்கயே காச்சிக் குடிச்சுக்கோங்க."

வில்வண்டி போய்விட்டது. சீசாவும் அதோடு போய்விட்டது. அதை மட்டும் அந்த அம்மாள் கீழே வைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மறுநாள் சைக்கிளில் பீளமேட்டுக்குப் போய் நடந்ததை விளக்கிப் பார்த்தார். உட்காரவைத்து மோர் கொடுத்தார்களாம். மழை பற்றிப் பேசினார்களாம். "ஊடு எங்கீங்க ஓடிப்போகுது, அங்கயேதான் இருக்கும். குடுக்கறதாத்தான் இல்லீங்க" என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்களாம். திரும்பி வந்த மனுஷர் சைக்கிளைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "உன் வாக்கு இவ்வளவு சீக்கிரம் பலிக்கும்னு நெனைக்கலே" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் சரோஜாவுக்கு இருமல் அதிகமானது. நான் என்னையே சபித்துக்கொண்டு அவளைத் தோளில் போட்டு நடந்தேன். அதைப் பார்த்துக்கொண்டேயிருந்த இவர், எங்கேயோ வெளியே போனார். எங்கள் சந்தின் முனையில் ஒரு பஞ்சு வியாபாரியின் கிடங்கு பூட்டிக் கிடந்தது. அதைப் பேசி வைத்தியசாலையை அங்கே மாற்றிவிட்டார். வீடு வீடாகிவிட்டது. ஆசாரத்தைச் சுண்ணாம்பு அடித்துக் கழுவி விட்டேன். சிறுவாணித் தண்ணீரும் மிச்சம், குழந்தையும் மிச்சம். பீளமேட்டுக்கும் டவுனுக்கும் நடுவே நாங்கள் அவ்வளவு பெரிய வழக்கு நடத்தியபோது, சந்து முனையைப் பற்றி இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

ஆனால் சனம் விடவில்லை. கிடங்கில் மருந்தை வாங்கிக்கொண்டு, சீசாவோடு எங்கள் வீட்டு வாசலுக்கு நடந்து வந்தார்கள். சரோஜாவை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக வராதே என்று சொல்லி அனுப்புவேன். பீளமேட்டு அம்மாளும் வாக்கு மாறாமல் இருந்தார். கடைசிவரை எங்கள் பக்கம் வரவே இல்லை. தைலம் தீர்ந்தால் பண்ணையத்து ஆளை அனுப்புவார். அவன் தெருவிலேயே நின்று, "அம்மா வரலீங்க. சீசா மட்டும் வந்திருக்குதுங்க" என்பான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கிளம்பும்போது, "நல்லபடியா போங்க, இனி வராதீங்க" என்றுதான் கூட்டமாகச் சொல்வார்கள். புது மாப்பிள்ளைகள் ஒரு தடவை திடுக்கிடுவார்கள். போன வாரம் பேத்தியும் அவள் வீட்டுக்காரரும் வடவள்ளியில் வீடு பார்க்கக் கிளம்பினார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். இரண்டு பேரும் வாக்குவாதத்தை மறந்து ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அது ஒன்றில்தான்.

சிறுவாணித் தண்ணீர் எங்கள் சந்துக்கு வந்தது இதற்கு முந்தின வருஷமா, பிந்தின வருஷமா என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒப்புட்டும் கடலைப்பருப்பில் சுட்டதாகவே சில நாள் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளவும். அந்தக் கவுண்டர் வீட்டு வாரிசுகள் பீளமேட்டில் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்வி. அவர்களிடமே கேட்டால் சரியாகச் சொல்வார்கள். கேட்கப் போகிறவர்கள் என் பேரைச் சொல்ல வேண்டாம்.