சாம்பிராணியும் மோப்ப டொக்டரும்

லண்டன் விமான நிலையங்களில் உள்ள மோப்ப நாய்கள் அத்தனைக்கும் ஓய்வு கொடுத்துவிடலாம். எங்கள் மோப்ப டொக்டர் ஒருவரே போதும். நாங்கள் குடியிருக்கும் ரெய்னர்ஸ் லேனில் அவரை அந்தப் பெயரால்தான் தெரியும். குழந்தைப்பேறு சிகிச்சையில் ஆராய்ச்சி செய்பவர். உடலுக்கு வெளியே உருவாக்கப்படும் கரு வளர்கிற ஆய்வுகூடத்தில் காற்று எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. செண்டு வாசனைகூடக் கருவுக்கு ஆகாது என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சிக்கு விடுமுறை கிடையாது. பஸ்ஸில் யாராவது செண்டு பூசிக்கொண்டு ஏறினால் இவர் இறங்கிவிடுவார். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்கும் பெண்கள் இவரைக் கண்டதும் செம்பை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள்.

அப்படி ஒரு கல்யாணத்தில்தான் ஓர் அன்ரி என் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன பிள்ளை, இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?”

மனைவி குனிந்து தட்டைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து மோப்ப டொக்டர் தலையை நீட்டினார்.

“அன்ரி, உங்கட மலச்சிக்கல் இப்ப எப்பிடி? அதையும் சபையில கதைப்பமே?”

அன்ரி பாயசத்தோடு வேறு மேசைக்குப் போய்விட்டார். அடுத்த வாரமே நாங்கள் டொக்டர் வேலை செய்யும் கிளினிக்கில் பதிந்துகொண்டோம்.

சிகிச்சை திரும்பத் திரும்பத் தோற்றது. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கரு. அதுவும் போனால் மனைவியின் உடம்பு இன்னொரு முறை தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கருப்பையில் வைக்கும் நாளில் செண்டு, பவுடர் எதுவும் கூடாது என்று உத்தரவு. நாங்களும் எதுவும் பூசவில்லை. ஆனால், நல்ல காரியத்துக்குப் போகிறவள் என்று மனைவியின் அக்கா அவளைத் தலைமுழுக வைத்து, கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை பிடித்துவிட்டார். சாம்பிராணியைச் செண்டு என்று யார் நினைப்பார்கள்?

மோப்ப டொக்டர் நினைப்பார். நாங்கள் லிஃப்டை விட்டு வெளியே வந்ததுமே தாழ்வாரத்தின் மறுமுனையில் அவர் மூக்கு நிமிர்ந்தது.

“ஆர் இங்க கோயிலைத் தூக்கிக்கொண்டு வந்தது?”

“சாம்பிராணிதானே டொக்டர்,” என்றார் அக்கா.

“வா பிள்ளை, தலையைக் கழுவுவம்,” என்று டொக்டர் மனைவியைக் கூப்பிட்டார்.

“ஈரத் தலையோட நல்ல காரியத்துக்குப் போறதோ? தடிமன் எல்லோ பிடிக்கும்.”

“தடிமனுக்கு மருந்து இருக்கு. உள்ளுக்கு இருக்கிற கரு ஒண்டே ஒண்டு.”

அக்கா மனைவியின் கைப்பையை வாங்கிக்கொண்டார். ஊழியர்களின் குளியலறையில், டொக்டரே கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மணமில்லாத சோப்புப் போட்டு அந்த நீண்ட கூந்தலை அலசினார். கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கால் தரிக்கவில்லை.

“டொக்டர், நேரம் போகுதே. கரு பொறுக்குமோ?”

“அது பொறுக்கும் தம்பி. நீங்கள்தான் பொறுக்கிறியள் இல்லை.”

மகளுக்கு இப்போது ஆறு வயது. இன்றும் எங்கிருந்தாவது சாம்பிராணி மணந்தால் நான் எழுந்து ஜன்னலை மூடிவிடுவேன். ‘ஆய்வுகூடத்துப் பிள்ளை’ என்று எங்கள் முதுகுக்குப் பின்னால் கதைப்பவர்கள் உண்டு. ஓம், ஆய்வுகூடத்தில்தான் உருவானாள். முகத்துக்கு நேரே வந்தே கதைக்கலாம்; பிறந்தநாள் கேக்கும் தருவேன், பதிலும் தருவேன்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மோப்ப டொக்டர் வருவார். அன்று எங்கள் வீட்டில் ஊதுபத்திகூட எரியாது. வாசலிலேயே நின்று மூக்கை உயர்த்திச் சோதிப்பார். பிறகு மகளைத் தூக்கி, அவள் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நிற்பார்.

“என்ன டொக்டர், ஏதும் மணக்குதோ?”

“ஓம்,” என்பார். “இது இருக்கட்டும்.”