பெங்கேல் நடந்த சனிக்கிழமை வீடு பூட்டியிருந்த காரணம்

லகாட்,
21 ஜூலை, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் தர்மா அவர்களுக்கும், விமலா அக்காவுக்கும், தைப்பிங் வீட்டில் உள்ள பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அப்பாவு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீங்கள் அனைவரும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று சேர்த்து எழுதக் கை வரவில்லை. சனிக்கிழமையிலிருந்து நான் அனுப்பிய பதினான்கு வாட்சாப் செய்திகளுக்கும் ஒற்றை டிக்தான் நிற்கிறது. என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருப்பீர்கள் என்று மகள் கலாதேவி சொன்னாள். தபால்காரரை அப்படித் தடுக்க வசதி இல்லை என்பதால் இதை எழுதுகிறேன். கோபம் இருந்தாலும் கடைசிவரை படித்துவிடுங்கள். உங்கள் தங்கச்சி மங்களத்தின் முதல் வருஷத் திதியன்று, கட்டின கணவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போனான் என்று தைப்பிங் முழுக்கப் பேசுகிறார்களாம். அதற்குப் பதில் இதில் இருக்கிறது.

முதலில் இந்த பெங்கேல் விஷயத்தைச் சொல்ல வேண்டும், எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது. பிப்ரவரி மாசம் கலாதேவி நெதர்லாந்திலிருந்து போன் பண்ணி, ஜூலையில் ஈப்போ ஹோட்டல் ஒன்றில் மூன்று நாள் பெங்கேல் நடத்தப்போகிறேன், பதினோரு நாட்டிலிருந்து முப்பது பேர் வருகிறார்கள் என்றாள். மலாய்க்காரர்கள் காடி ரிப்பேர் செய்யும் இடத்தையும் பெங்கேல் என்கிறார்கள், படித்தவர்கள் கூடிப் பேசுவதையும் பெங்கேல் என்கிறார்கள். நான் கோப்பிக்கடையில் விளக்கமில்லாமல் சொல்லிவைக்க, பக்கத்து வரிசை தனேஸ்வரன் வந்து, அவன் காடியின் மூன்றாம் கியர் விழமாட்டேன் என்கிறதாம், முப்பது பேரில் ஒருத்தர் பார்க்கமாட்டார்களா என்று கேட்டான். அவர்கள் எதைத்தான் ரிப்பேர் செய்வார்கள் என்று மகளிடம் நானும் கேட்டேன். ஒரே நேரத்தில் பல காரியம் தனித்தனியாக ஓடும்போது ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கிறது, எங்கே போய் முட்டிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அவர்கள் வேலையாம். கம்ப்யூட்டரெல்லாம் யார் தூக்கிக்கொண்டு வருவது என்றேன். கம்ப்யூட்டரே தேவையில்லை, வெள்ளைப்பலகை இருந்தால் போதும் என்றாள். தனேஸ்வரனிடம் போய், அவங்ககிட்ட ஸ்பானர் இல்லையாம்லா என்று சொல்லிவிட்டேன். அவன் நம்பவில்லை.

மச்சான், உங்களிடம் மறைப்பதற்கில்லை. பெங்கேலின் முதல் நாள் ஜூலை பதினெட்டு என்று கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் நீங்கள் எல்லார் முன்னிலையிலும் குறித்துக்கொடுத்த நாள் அது. பெற்ற தாய் போனபோது இவள் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள், அஸ்தியைக் கரைத்துவிட்டு நாம் வீட்டுக்குள் நுழைந்த பிறகு. அந்த மகள் வருஷத் திதிக்காவது முழு நாள் இருப்பாள் என்று பார்த்தால், அதே நாளில் முப்பது வெளியூர்க்காரர்களைக் கூட்டி வைத்திருக்கிறாள். அவள் வந்து இறங்கிய நாளிலிருந்து சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தவிர ஒரு வார்த்தை நான் பேசவில்லை. அவளும் அளந்துதான் பதில் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம்.

ஆனாலும் திட்டம் ஒழுங்காகத்தான் போட்டோம். காலை எட்டு மணி ரயிலில் ஈப்போவுக்கு வரும் ஹென்ரிக் என்ற பேராசிரியரை நான் என் பள்ளிக்கூட வேனில் ஹோட்டலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கலாதேவி எட்டரைக்கு மேடையேறி ஒரு மணி நேரம் பேசுவாள், ஒன்பதரைக்கு அந்த மனுஷரிடம் மேடையை ஒப்படைத்துவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். நீங்கள் சாப்பாட்டோடு ஒன்பதரைக்கு வருவீர்கள், கோயில் பண்டாரம் பத்து மணிக்கு வருவார். வீட்டுச் சாவி எதிர்வீட்டு நல்லம்மாளிடம். நம் குடியிருப்புத் தாமானில் இந்த வருஷம் மூன்று வீட்டில் திருடு போயிருப்பதால், நான் போன் பண்ணிச் சொல்லாமல் யாரிடமும் கொடுக்காதே என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நீங்கள் வந்து சேர்ந்ததும் எனக்குக் கூப்பிடுவீர்கள், உடனே நான் நல்லம்மாளைக் கூப்பிடுவேன். இதில் என்ன ஓட்டை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ரயில் வந்தது. தாடி, கண்ணாடி, முதுகில் பை, காலில் செருப்பு. மகள் சொன்ன அடையாளம் அத்தனையும் பொருந்திய ஒரு வெள்ளைக்காரர் இறங்கி வந்தார். மகள் எழுதிக்கொடுத்த பெங்கேல் அட்டையைக் காட்டி, இங்கிலீஷில் வொர்க்ஷாப்பா என்று கேட்டேன். ஆமாம் ஆமாம் என்றார். ஹோட்டலில் அவருக்குக் கழுத்தில் அட்டை மாட்டி, நாசி லெமாக் கொடுத்து, முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவரும் கலாதேவி பேசிய ஒரு மணி நேரமும் கண்ணிமைக்காமல் கேட்டாராம். ஒன்பதரைக்கு மேடைக்கு அழைத்தபோது எழுந்து, காலைச் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போகும் பஸ் எப்போது புறப்படும் என்று கேட்டிருக்கிறார். மலையில் பாத்திக் துணிக்குச் சாயம் போடப் பழக வந்தவராம்.

மகள் வெளியே ஓடி வந்தாள். ஸ்டேஷனுக்கு மறுபடியும் போங்கப்பா, அவரைக் கொண்டாந்துட்டு வாசலிலேயே வேனில் இருங்க, நான் வந்துடறேன், உள்ளே வராதீங்க என்றாள். நான் போனேன். உண்மையான ஹென்ரிக், அட்டையோடு ஓர் ஆள் வரும்வரை நகர வேண்டாம் என்று இவர்கள் எழுதியிருந்தபடி, பிளாட்பாரப் பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அந்த அட்டையை நான் முதல் ஆளோடு ஹோட்டலில் விட்டுவிட்டேன். மஞ்சள் பள்ளிக்கூட வேனில் ஏற அவர் யோசித்தார். கலாதேவியின் கல்யாணமாகாத குறையையெல்லாம் சொல்லி நான் அப்பன்தான் என்று நிரூபித்த பிறகே ஏறினார். பத்தேகாலுக்கு ஹோட்டல் வாசலில் இறக்கினேன். சொன்னபடி வேனிலேயே உட்கார்ந்தேன்.

இனிமேல் நடந்ததைத்தான் நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஹென்ரிக் உள்ளே போனபோது கலாதேவி, அவர் வரும்வரை கூட்டத்தை நிறுத்தி வைக்க முடியாமல், பலகைப் பக்கம் திரும்பி எழுதியபடி அவர் நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் மரியாதைக்காரர். ஒருத்தர் பேசும்போது குறுக்கே போகக்கூடாது என்று கடைசி வரிசைத் தூண் ஓரமாக உட்கார்ந்து, இவள் முடிக்கக் காத்திருந்தார். இவள் அவர் வரக் காத்திருந்தாள். கூட்டத்தில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். நான் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தேன். வண்டி ஓட்டும்போது போன் பண்ணாதே, நானே கூப்பிடுவேன் என்று நீங்கள் ஒருமுறை என்னைக் கண்டித்ததால் உங்கள் போனுக்கும் காத்திருந்தேன். தைப்பிங் பக்கம் மழையாக இருக்கும், மெதுவாக வருகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ ஒன்பது இருபத்தைந்துக்கே வந்து, பூட்டைப் பார்த்து, வரவேற்க வேண்டியவன் கூப்பிடட்டும் என்று காடிக்குள் இருந்திருக்கிறீர்கள். நல்லம்மாள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டு என் போனுக்குக் காத்திருந்தாள். பண்டாரம் மோட்டார் சைக்கிளை மரத்தடியில் நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர் கதவைத் திறக்கட்டும் என்று பேப்பர் படித்தார். இப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஒரு திதிக்கு வேண்டிய எல்லாரும் எல்லாமும் தயாராக, ஒன்றும் நடக்காமல் இருந்தது.

பதினொன்று நாற்பதுக்குப் போனில் உங்கள் குரல் வந்தது. வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டேன் என்பதோடு முடிந்துவிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் நான் செருப்போடு அந்தக் கம்பளத்தில் ஓடி மண்டபத்துக்குள் போய், கலா, மாமா போய்ட்டாரு என்றேன். முப்பது பேரும் யாரோ இறந்துவிட்டதாக நினைத்து எழுந்து நின்றார்கள்.

வேனில் வரும்போது அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்:

"யாரும் தப்பு பண்ணலப்பா. ஒவ்வொருத்தரும் சொன்னபடிதான் இருந்திருக்காங்க. ஆளுக்கு ஆள் அடுத்தவங்கள எதிர்பார்த்து நின்னுட்டோம். பதினோரு வருசமா நான் எழுதுறது இதத்தான்."

"பதினோரு வருசம் எழுதியும் இத நிறுத்த வழி தெரியலயா?"

"தெரியும். யாராச்சும் ஒருத்தர் முதல்ல அசையணும்."

யார் என்று எழுதியிருக்கிறாயா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. யாருமே தப்பு செய்யவில்லை என்றால் யார்மேல் கோபப்படுவது மச்சான்? நான் லகாட் வரும்வரை அந்த யோசனையிலேயே ஓட்டி, நம் வீட்டுத் தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

கேட் கொக்கியில் நீங்கள் வாங்கிவந்த மாலை தொங்கியது. பண்டாரம் போய்விட்டிருந்தார். சாப்பாடு தைப்பிங்குக்குத் திரும்பிவிட்டது. நல்லம்மாள் சாவியைக் கொண்டுவந்து, நான் என்னத்தக் கண்டேன் அண்ணே என்று ஒப்பாரி வைத்தாள். மாலையை எடுத்து மங்களத்தின் படத்துக்குப் போட்டோம். படைக்க ஒன்றுமில்லை. கலாதேவி வெறும் இலையை விரித்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்துகொண்டாள். சோறு வைக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அப்போது வாடகைக் காடியில் ஹென்ரிக்கும் இன்னும் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று அந்த மனுஷர் ஹோட்டலில் மீதமிருந்த கறிபாப்பை ஒரு பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சார்டின் மீன் அடைத்த கறிபாப். திதிச் சோற்றில் மீனா என்று நான் தயங்கினேன். டாக்டர் தடுத்த பிறகும் மங்களம் கோப்பிக்கடையில் ஒளித்துத் தின்றது சார்டின் கறிபாப்தான் என்பது உங்களுக்கும் தெரியும். வைத்தோம். மூன்று வெளிநாட்டுக்காரர்களும் சாக்ஸைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டார்கள். ஒருவருக்கு எழுந்திருக்க முடியவில்லை, நானும் வேடிக்கை பார்க்க வந்திருந்த தனேஸ்வரனும் தூக்கிவிட்டோம். தனேஸ்வரன் அந்த நேரத்திலும் கியரைப் பற்றி அவரிடம் கேட்டான்.

கலாதேவி கோப்பி கலக்கப் போனபோது ஹென்ரிக் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பள்ளிக்கூட வேன்காரன் என்பதால் மெதுவான இங்கிலீஷில் சொன்னார். ஒன்பது பேர் கமிட்டியாம். எட்டுப் பேர் லிஸ்பனில் நடத்தலாம் என்றார்களாம். இவள் மட்டும் ஈப்போ என்று பிடிவாதமாக நின்றாளாம். காரணம் கேட்டால் சொல்லவில்லையாம். "கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினாள். போன வருஷம் அந்த நாளில் நான் அங்கே இல்லை என்று. அதற்கப்புறம் நாங்கள் எட்டுப் பேரும் ஈப்போ எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தோம்" என்றார்.

நான் கையிலெடுத்த கறிபாப்பை இலையிலேயே திரும்ப வைத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. உங்கள் தங்கச்சிக்கு ஒரு திதியை ஒழுங்காக நடத்தத் தெரியாதவன் என்ற பெயரோடு இருந்துகொள்கிறேன். இனிமேல் வீட்டில் திதி வைப்பதாக இல்லை. யாரையும் வாசலில் நிறுத்தி வைக்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் வர வேண்டாம். உங்கள் பேத்தி காதுகுத்துக்கு நானும் வரமாட்டேன், அங்கே என் முகத்தைப் பார்த்து உங்களுக்குச் சோறு இறங்காமல் போக வேண்டாம். கலாதேவி நாளைக்கு விமானம் ஏறுகிறாள். அதன் பிறகு இந்த வீட்டில் பேச ஆள் இல்லை, சண்டைக்கும் ஆள் இல்லை.

விமலா அக்கா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கட்டும். பிள்ளைகள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க என் ஆசி. உங்களுக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
அப்பாவு

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன், காக்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்கக் கலாதேவியும் நானும் பண்டாரத்தைப் பார்க்கப் போனோம். அந்த அம்மா என்றைக்குப் போனாங்க என்று கேட்டார். போன வருஷம் ஜூலை பதினெட்டு, அதனால்தான் இந்தப் பதினெட்டு என்றேன். பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, இங்கிலீஷ் தேதி கேக்கு வெட்டுறதுக்குத்தான், திதிக்கு ஆகாது, ஆடி மாசத் தேய்பிறையில்தான் வருது, இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கு என்றார். ஆக, சனிக்கிழமை திதியே இல்லை மச்சான். நீங்கள் குறித்த நாள் தப்பு, நான் பூட்டிய பூட்டு தப்பில்லை. இதைப் பெரிதுபடுத்தி நான் யாரிடமும் சொல்லமாட்டேன். கலாதேவி அங்கேயே நின்றபடி போனில் டிக்கெட்டை ஆகஸ்டு ஒன்பதுக்கு மாற்றிவிட்டாள். அதனால் வர வேண்டாம் என்று எழுதியதை விட்டுவிடுங்கள். காதுகுத்துக்கும் வருகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. உயிர் போனது காலை ஏழு இருபதுக்கு முன் என்றால் திதி ஆகஸ்டு ஐந்து புதன், பின் என்றால் ஆறு வியாழன், மணி என்ன என்று பண்டாரம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். அவள் மூன்றாம் நாள் வந்தாள் என்று மேலே எவ்வளவு எழுதியிருக்கிறேன். நானும் இல்லையே. ஒரு நடை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்று வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். இந்த ஒரு வருஷத்தில் அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு நானே அவளிடம் சொன்னேன். மணி உங்களுக்குத்தான் தெரியும். வந்து சொல்லுங்கள்.