பாலத்தின் நடுத்துண்டு குறித்துச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு தையல்காரச் சம்பந்தி எழுதுவது. நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், கை வரவில்லை. செவ்வாய்க்கிழமை போனில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே "சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டீர்கள். சிக்னல் இல்லாதவருக்கு நான் பேசியது மட்டும் எப்படிக் கேட்டதோ! கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். என் மகளை உடனே இங்கே அனுப்பி வையுங்கள். பிரசவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, வலி எடுத்தால் அரை மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று டாக்டரம்மா நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், என் கடையிலிருந்து நாலாவது கட்டடம். உங்கள் வீடு அந்தப் பக்கம். கூப்பிடு தூரம் என்றுதானே பெண்ணைக் கொடுத்தேன்? என் மாடியில் நின்றால் கொடியில் காயும் உங்கள் பனியன் தெரிகிறது, அதில் எத்தனை ஓட்டை என்றுகூடச் சொல்வேன். ஆனால் வர வேண்டுமென்றால் புறவழிச்சாலையைச் சுற்றிப் பதினெட்டு கிலோமீட்டர், நடுவில் இன்னொரு ரயில்வே கேட். அதுவும் மூடியிருந்தால் அதோகதிதான். நீங்களோ, பாலம் வந்துவிடும், ஃபைல் நகர்கிறது என்கிறீர்கள். ஃபைல் மேலே ஆம்புலன்ஸ் ஓடுமா, சம்பந்தி?

நம் இரண்டு தெருவுக்கும் நடுவில் இருந்த ரயில்வே கேட் எப்படிப் போயிற்று என்று உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. பாலம் தேவையா என்று பார்க்க ரயில்வே ஏழு நாள் வண்டி எண்ண ஆள் போட்டது. எண்ணிக்கை கூடினால்தான் பாலம் என்று, சாலைத்துறையில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு பார்த்த அனுபவத்தில் சொன்னது நீங்கள். புத்தி கெட்டுப்போய்த் தலையாட்டியது நான். இரண்டு தெருவையும் கிளப்பிவிட்டோம். வெயிலில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்த மனிதர் முன்னால் நீங்கள் ஸ்கூட்டரில் ஒரே நாளில் நாற்பத்தாறு தடவை போய் வந்தீர்கள். கடைசியில் அவரே எழுந்து வந்து தண்ணீர் கொடுத்து, வீட்டு விலாசம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியது. இத்தனை வண்டி போகிற இடத்தில் கேட் இருப்பது பேராபத்து என்று மறுவாரமே கேட்டைப் பிடுங்கிச் சுவர் எழுப்பி வழியை அடைத்துவிட்டார்கள்.

ஆனாலும் ரயில்வே தன் பங்கைச் செய்தது. தண்டவாளத்துக்கு மேலே நடுத்துண்டைக் கட்டி, நிதியாண்டு முடிவதற்குள் மிச்சப் பணத்தைத் தீர்த்தாக வேண்டுமே என்று அதற்குப் பெயின்ட், விளக்குக் கம்பம், 'வேகம் 40' என்ற பலகை எல்லாம் வைத்தது. ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. காக்கைகள்தான் நாற்பதுக்குள் போய் வருகின்றன. இரண்டு பக்கமும் சரிவு போட வேண்டியது உங்கள் அருமைச் சாலைத்துறை. அவர்களும் சும்மா இருக்கவில்லை, ஏழு நாள் வண்டி எண்ண ஆள் அனுப்பினார்கள். எப்போது? வழியை அடைத்த பிறகு! ஒரு வண்டியும் போகவில்லை, ஆகவே சரிவு தேவையில்லை, நிதியும் தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு அந்த அலுவலகத்துக்கே போனேன். அடைத்த வழியில் வண்டி எப்படி ஐயா போகும் என்று கேட்டேன். பொறியாளர் தங்கமான மனுஷன், கோபமே படவில்லை.

"சார், வண்டி எத்தனைன்னு எழுதத்தான் ஃபார்ம்ல கட்டம் இருக்கு. ஏன் இல்லைன்னு எழுதக் கட்டம் கிடையாது."

ஆளை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலிக்கு அளவெடுத்தால் அதற்குச் சட்டை தேவையில்லை என்றுதானே வரும்! நான் அப்படி ஒரு சட்டை தைத்திருந்தால் நீங்களே கடை வாசலில் நின்று கத்தியிருப்பீர்கள். இங்கே ஒருவரும் கத்தக் காணோம். சாலைகளுக்கு இதுவரை இல்லாத ஒதுக்கீடு என்று பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் வேறு. அந்தப் பக்கத்தை நான்காக மடித்து ஊசி குத்தி வைத்திருக்கிறேன். வயிறு எரிகிறது, சம்பந்தி. உங்கள் துறையை நீங்கள் நம்புங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பெண்ணை வைத்து நம்பாதீர்கள். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? எனக்கு இருக்கும் பிள்ளை அவள் ஒருத்திதான்.

வெளியூர் வேலையில் இருக்கும் மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. சம்பந்தி அம்மாளுக்கு வணக்கம். உங்கள்மேல் மரியாதை எப்போதும் உண்டு. இந்த வாரம் மட்டும் சற்றுக் குறைவு.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உறையை ஒட்டப் போனேன், வாசலில் பேச்சுக் குரல். பார்த்தால் என் மகள், கையில் பையோடு சம்பந்தி அம்மாள், பின்னால் கேட்கீப்பர். கேட் போய்விட்டாலும் அவரை மாற்ற உத்தரவு வராததால் அவர் இன்னும் அங்கேயேதான் டியூட்டி பார்க்கிறாராம். ரயில் வருகிறதா என்று பார்த்து, கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்திருக்கிறார். ரயில்வே தன் எல்லையோடு சுவரை நிறுத்தியிருக்கிறது, சாலைத்துறை தன் எல்லையில் சுவரைத் தொடங்கியிருக்கிறது. நடுவில் இருபத்தாறு அங்குலம் யாருக்கும் சொந்தமில்லை, டேப் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு பக்கமும் அதே கதை. நீங்கள் மத்தியானம் தூங்கும் நேரமாகப் பார்த்து என் மனைவி ஒரு மாதமாகத் தினமும் அந்த வழியாக மகளைப் பார்த்து வருகிறாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், மகள் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் மனு எழுதுவீங்கப்பா."

டாக்டரம்மா பார்த்துவிட்டார், பயமில்லையாம். உங்கள் வீட்டில் இப்போது நீங்கள் மட்டும்தான், ஆகவே சாப்பிட இங்கேயே வந்துவிடுங்கள். உங்கள் இடுப்பளவு என் நோட்டில் இருக்கிறது; பக்கவாட்டில் திரும்பினால் தாராளமாக நுழையும். கடிதத்தைக் கேட்கீப்பரிடமே கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், பழக்கதோஷத்தில் துறைக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட எழுதிவிடாதீர்கள். அப்படி ஓர் இடைவெளி இருப்பது தெரிந்தால் அதை அடைக்க உடனே நிதி ஒதுக்கிவிடுவார்கள்.