சோப்புத்தூள் அறையில் ஒரு பாராட்டு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் அம்மா என்னைவிட ஒரு பங்கு கூடுதல் நலம், ஏனென்றால் அவளுக்கு மேற்பார்வை செய்ய நான் ஒருவன்தான், எனக்கோ பதினான்கு பேர். நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. முதுகுவலி போய்விட்டிருந்தால் உன்னைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

போன வாரம் நீ தொலைபேசியில், "பரிசோதனைக்கூடத்துல ஒன்பது பேருக்கு மேல என்னைப் போடப்போறாங்கப்பா, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லணும், நீங்கதான் இப்ப சூப்பர்வைசராச்சே, ஆளுங்களை எப்படி நடத்துறதுன்னு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டாய். "அதெல்லாம் ஒரு கலைம்மா, நிதானமா எழுதுறேன்" என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த கையோடு உன் அம்மா, "கலையாம் கலை. முதல்ல அவரைப் போய்ப் பாருங்க" என்றாள். அவர் என்று அவள் சொன்னது முனை மாமாவை. உனக்குச் சொல்லாமல் மறைத்தது அதைத்தான். முனை மாமா வேலையை விட்டுப் போய் இன்றோடு ஒன்பது நாள். போனதற்குக் காரணம் உன் அப்பா.

எங்கள் சலவைக்கூடத்துக்கு நீ சின்ன வயதில் வந்திருக்கிறாய், ஆவியில் தும்மல் வருகிறதென்று ஓடிவிட்டாய். அதனால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகிற பெரிய விரிப்புகள் தேய்க்கிற உருளை இயந்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். அவற்றை ஒருவரால் மடிக்க முடியாது. இந்தப் பக்கம் இரண்டு முனையை நான் பிடிக்க, அந்தப் பக்கம் இரண்டு முனையை உன் முனை மாமா பிடிக்க, விறைப்பாக இழுத்து, கைகளைத் தூக்கி ஒரு உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, என் முனையை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கீழே தொங்கும் மடிப்பை நான் பிடித்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். பேச்சு எல்லாம் கை தொடுகிற அந்த ஒரு நொடியில்தான், ஒரு விரிப்புக்கு ஒரு வாக்கியம். நீ பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அழுத கதையைச் சொல்லி முடிக்க எனக்கு ஏழு விரிப்பு ஆனது. இருபது வருடம் இப்படி. நான் கொஞ்சம் அசந்தால், "டேய், முனையைப் பிடி!" என்று கூடமே அதிரக் கத்துவான். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது.

இந்த நிலைமையில் என்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள், ஆக்கியதோடு விடாமல் மூன்று நாள் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர் உன் வயதுதான் இருப்பார், கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பையன், அவர் சொன்னதும் நல்ல விஷயம்தான். அதைக் காதில் வாங்கிய ஆள்தான் சரியில்லை. ஆட்களின் வீட்டு விவரங்களைத் தெரிந்துகொண்டு தினமும் விசாரியுங்கள் என்றார். நான் ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொருவர் குடும்பத்தையும் அதில் ஏற்றினேன். முதல் நாளே வரி மாறிப்போய், துவைக்கும் தொட்டிக்காரர் வீட்டு நாயைப் பற்றிக் கேட்க வேண்டியதைத் துணி வண்டி தள்ளுகிற வண்டிக்காரரிடம் கேட்டுவிட்டேன். "வீட்ல இப்ப ஒழுங்கா சாப்பிடுறாங்களா? குரைக்காம தூங்குறாங்களா?" நான்கு நாள் என் பக்கம் துணி வண்டியே வரவில்லை. சரி, அதோடு விட்டேனா? குற்றம் சொல்வதற்கு முன் ஒரு பாராட்டு, சொன்ன பின் ஒரு பாராட்டு என்று அவர் சொல்லியிருந்தாரே, அதையும் எடுத்து வந்தேன். இரண்டு வாரத்தில் கூடத்தில் ஒருவருக்கும் பாராட்டு பிடிக்காமல் போய்விட்டது. உருளை இயந்திரத்து அக்காவிடம் ஒரு நாள் மனசாரவே, "அக்கா, இன்னிக்கு வேலை ரொம்ப சுத்தம்" என்றேன். அவர் இயந்திரத்தையே நிறுத்திவிட்டு, "என்ன தப்புன்னு நேரா சொல்லித் தொலைங்க தம்பி, எனக்குப் படபடன்னு வருது" என்றார். தப்பு ஒன்றுமில்லையே அக்கா என்றால் நம்பவில்லை. மதியம் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், தப்பு எப்போது வெளியே வரும் என்று.

குற்றத்தைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள் என்பது இன்னொரு பாடம். தனி அறைக்கு நான் எங்கே போவேன்? சோப்புத்தூள் வைக்கிற அறை இருந்தது, கண்ணாடிக் கதவில் உள்பக்கம் காகிதம் ஒட்டினேன், இரண்டு பீப்பாயைக் கவிழ்த்தேன், அலுவலகம் தயார். நான்கு பேரை அழைத்துப் பக்குவமாகப் பேசி அனுப்பினேன். அவர்கள் வெளியே வந்தபோது கண் சிவந்து, மூக்கு ஒழுகி, தும்மிக்கொண்டே வந்தார்கள். தூள்தான் காரணம். கூடத்துக்கு அது தெரியுமா? உள்ளே போனவன் அழுதுகொண்டுதான் வருவான் என்று பேச்சாகிவிட்டது. அந்த வாரம் தற்செயலாக ஒருவர் சொந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நின்றார், அதையும் அந்த அறையின் கணக்கில்தான் எழுதினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மாமாவின் தோள் விஷயம். இரண்டு கையையும் தூக்கி உதற அவனால் முடியவில்லை. நான் மேலாளரிடம் மூன்று முறை நடந்து, அவனைச் சின்னத் துணி மேசைக்கு மாற்ற அனுமதி வாங்கினேன். துவாலை, தலையணை உறை, உட்கார்ந்தபடி மடிக்கலாம். நல்ல செய்தி! அதை விரிப்பு மடிக்கிற இடத்துக்கு நடந்து போய், "டேய், நாளையிலிருந்து உட்கார்ந்து வேலை பாருடா" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. உடம்பு விஷயம், தனியாகச் சொல்வதுதான் முறை என்று என் நோட்டு சொன்னது. வண்டிக்காரரை விட்டு அவனைச் சோப்புத்தூள் அறைக்கு வரச் சொன்னேன்.

வந்து வாசலிலேயே நின்றான். எல்லோரையும் மரியாதையாக அழைக்க வேண்டும் என்று பழகி வைத்திருந்தேனா, அது வாயில் வந்துவிட்டது. "வாங்க, உட்காருங்க" என்றேன். தனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று அவன் திரும்பிப் பார்த்தான். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். "இருபது வருஷமா உங்களை மாதிரி விரிப்பு மடிக்க இந்தக் கூடத்துல ஆள் கிடையாது" என்று தொடங்கினேன். பாராட்டைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. கூடத்தில் கொடுத்த மேல்சட்டையைக் கழற்றினான், நான்காக மடித்தான், பீப்பாய் மேல் வைத்தான், அதன் மேல் அலமாரிச் சாவியை வைத்தான்.

"அனுப்புறதுக்கு எதுக்குடா இவ்வளவு நீட்டி முழக்குற? போறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். என் தோள் வலின்னு நான் உன்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

இல்லை என்றேன்.

"ஆறு வருஷமா வலி. நான் சொல்லல, நீ கேக்கல. ஆனா நீ உன் முனையைத் தாழ்த்திப் பிடிச்ச, நான் கையைத் தூக்க வேணாம்னு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இப்ப தினம் காலையில நோட்டைப் பாத்துட்டு வந்து எப்படி இருக்கீங்கன்னு கேக்குற. ஒரு நாளாவது வந்து அந்த முனையைப் பிடிச்சியாடா?"

அவன் கண் கலங்கிவிட்டது. மகளே, அந்த இடத்தில் எவனாக இருந்தாலும், "அட லூசு, உன்னை யாருடா அனுப்புறது" என்று கத்தியிருப்பான். எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்களே! எதிராளி கோபமாகப் பேசினால் குறுக்கே பேசாதீர்கள், அவர் உணர்வைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று. நான் தலையை ஆட்டிக்கொண்டு, "உங்களுக்கு வருத்தம்னு எனக்குப் புரியுது" என்றேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு போய்விட்டான்.

அவன் வீட்டுக்கு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் அவன் மனைவி வந்து, "அவர் வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாருங்க அண்ணா" என்று நேர்மையாகச் சொன்னார். நேற்று வேலை முடிந்து வந்து வீட்டு விரிப்பை மடிக்கலாம் என்று உன் அம்மாவை ஒரு முனை பிடிக்கச் சொன்னேன். நான் என்னையறியாமல் கையைத் தாழ்த்தியே பிடித்திருக்கிறேன். "எனக்குத் தோள் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்கு மேல் எனக்கு மடிக்கக் கை ஓடவில்லை.

ஆகவே அப்பா முடிவு செய்துவிட்டேன். பதவி வேண்டாம் என்று மேலாளருக்கு நாளை எழுதிக் கொடுக்கப்போகிறேன். உனக்கும் அதையேதான் சொல்வேன்: வெள்ளிக்கிழமை போய், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. ஒன்பது பேரோடு சேர்ந்து இருப்பவள் ஒன்பது பேருக்கு மேல் போக வேண்டாம். ஒருத்தரை இழப்பது சுலபமாக இருக்கிறது, நல்ல எண்ணத்தோடு செய்தால் இன்னும் சுலபம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் உன் அம்மாவுக்கும் வேறு வேண்டுதல் இல்லை. அம்மா தன் அன்பையும், என்னைப் பற்றிய புகார்களையும் தனியாக எழுதுவதாகச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு, தனித் தாளில்: கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் புறப்பட்டவன் அவன் வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். வீட்டில் இல்லை என்று அவன் மனைவி வழக்கம்போல் சொன்னார். சரிம்மா, இல்லாதவர் கேட்கட்டும் என்று கடிதம் முழுவதையும் கதவைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். நாய்க் கதையைப் படித்த இடத்தில் உள்ளே ஏதோ சத்தம், சிரிப்பா இருமலா தெரியவில்லை. கண் கலங்கியது என்ற இடத்தில், "அது சோப்புத்தூள்னு எழுதுடா!" என்று குரல் வந்தது. எழுதிவிட்டேன்: அது சோப்புத்தூள். கடைசியில் கதவு திறந்தது. "நீ பண்ணின கூத்துக்கு அந்தப் பொண்ணு ஏண்டா வேணாம்னு சொல்லணும்? ஒத்துக்கச் சொல்லு. தினம் ஒரு மணி நேரம் அவங்களோட உட்கார்ந்து அவங்க வேலையைச் செய்யச் சொல்லு. நோட்டு மட்டும் வாங்க வேணாம்னு சொல்லு" என்றான். அதனால், "ஆகவே அப்பா முடிவு செய்துவிட்டேன்" என்று தொடங்கும் பத்தியை அடித்துவிட்டுப் படி, என் பதவியைப் பற்றி எழுதியது உட்பட. இந்தக் கூத்துக்குப் பிறகு முனையைப் பிடிக்காமல் ஓடினால் இன்னும் கேவலம் என்கிறான். சின்னத் துணி மேசையைப் பற்றியும் சொன்னேன். வற்புறுத்தவில்லை. பையிலேயே வைத்திருந்த அலமாரிச் சாவியை அவன் வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன், அவன் திருப்பித் தரவில்லை, அவ்வளவுதான். ஒன்று மட்டும்: கடிதத்தைப் பிரிக்கும்போது பார்த்திருப்பாய், நான்கு முனையும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்திருக்கும். நான் மடித்தது கோணல் என்று பிடுங்கி, மறுபடி மடித்துக் கொடுத்தது அவன்.